கனிஷ்கா நின்ற தண்ணீர்

வரகனேந்தலில் மழை பெய்து மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்த ஒரு பங்குனித் திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நாகஜோதி தன்னுடைய புதிய போட்டோ கடைக்கு இணையதளம் திறந்தாள். திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதன் முதல் பக்கத்திலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது.

நாகஜோதிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அவள் கணவன் வில்வதுரை தண்ணீர் லாரி ஓட்டினான். கமுதிக்குத் தெற்கே காய்ந்து கிடந்த ஊர்களுக்கெல்லாம் நாள் முழுக்கத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு இரண்டு குடத்தோடு வருகிறவன். அவர்களுக்குக் கனிஷ்கா என்று ஒரே மகள் இருந்தாள். ஏழு வயதில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் போய்விட்டாள். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்று தேடியபோது, வீட்டிலிருந்த இரண்டு போன்களிலும் கண்ணை மூடியிருக்கிற படம், கை ஆடிப்போன படம், பாதி முகம் வெட்டுப்பட்ட படம் என்றுதான் இருந்தன; ஒன்றே ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. முந்தின வருஷம் பாபநாசம் போயிருந்தபோது, தாமிரபரணியில் முழங்கால் ஆழத்தில், மஞ்சள் கவுன் நனையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கனிஷ்கா நேராக அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற படம். நாகஜோதி போனில் எடுத்தது.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு அழுது முடித்த பிறகு, இந்த ஊரில் இனி எந்தப் பிள்ளைக்கும் நல்ல படம் இல்லாமல் போகக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டே அவள் எழுந்து நடமாடினாள், மதுரைக்குப் போய் ஆறு மாதம் படம் எடுக்கப் படித்தாள், பழைய கேமரா ஒன்றை வாங்கினாள், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடி அறையைப் பிடித்து, வாசலில் 'கனிஷ்கா போட்டோகிராபி' என்று பலகை மாட்டினாள். மகளின் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டினாள்.

மாடிக்குக் கீழே பர்வீனின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பர்வீன் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுப்பாள், பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பாள், பக்கத்து டவுனில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். பலகையைப் பார்த்து யாரும் மாடி ஏறி வராமல் ஒரு மாதம் போனதும், "வெளியூர்க்காரங்களுக்கு நீங்க இருக்கிறது எப்படித் தெரியும்? ஒரு சைட்டு போடுவோம்க்கா" என்று அவள்தான் சொன்னாள். மூன்று வாரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். கடையைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னதற்கு, நாகஜோதி இரண்டு நாள் யோசித்து, 'உங்கள் பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள். எங்களைக் கூப்பிடுங்கள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

"முதல் பக்கத்துல பெரிசா ஒரு படம் வேணும்க்கா. பாக்குறவங்க கை அதோட நின்னுறணும்" என்றாள் பர்வீன்.

"கல்யாணம் ஒண்ணுகூட இன்னும் எடுக்கலையே."

"இருக்கிறதக் காட்டுங்க. பாப்போம்."

இருந்தது கொஞ்சம்தான். நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, சந்தையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள், ஆடுகள், கோயில் கொடை. நடுவில் மஞ்சள் கவுன் படம் வந்ததும் பர்வீனின் கை நின்றது.

"அது வேணாம்" என்றாள் நாகஜோதி.

அதற்கடுத்த படம் கண்மாய். கடைசியாக மழை பெய்த கார்த்திகையில், கண்மாய் நிறைந்து மறுகால் போன அன்று, ஊரே கரையில் ஏறி நின்று பார்த்தபோது அவள் எடுத்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். பர்வீன் அதை முதல் பக்கத்தில் வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை பக்கம் திறந்ததும், படத்தின் அடி விளிம்பிலிருந்து ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் இறங்கி, மேசையில் ஓடி, பர்வீனின் மடியில் சொட்டியது. பர்வீன் கீபோர்டை ஓரமாக நகர்த்திவிட்டு, துடைப்பதற்கு வைத்திருந்த வாளியை எடுத்துக் கீழே வைத்தாள். வாளி நிறைந்ததும் பக்கத்தை மூடினாள், நின்றது. திறந்தாள், வந்தது. நாகஜோதி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"கண்மாய்த் தண்ணிதான்" என்றாள்.

"வடிகட்டிக் குடிக்கலாமா?"

"நாம அதத்தான குடிச்சு வளந்தோம்."

மத்தியானத்துக்குள் விஷயம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டியது, சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. போனில் திறந்தால் பென்சில் கனத்துக்கு வந்தது, கம்ப்யூட்டரில் திறந்தால் விரல் கனத்துக்கு வந்தது, ஊர் எல்லையைத் தாண்டித் திறந்தால் வெறும் படமாக இருந்தது. துணி காயப்போடுகிற கொடியில் போனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு அடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் உலை வைக்கப் போனார்கள். நெட் தீர்ந்தால் தண்ணீரும் நின்றது என்பதால் ரேஷன் கடையைவிட ரீசார்ஜ் கடையில் கூட்டம் நீண்டது. போனையே கையில் தொட்டிராத கிழவர்கள் சைட்டின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக மனப்பாடம் செய்து, திருநீறு பூசும்போது சொல்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். பூசாரி போனை நீட்டிப் பிடித்து அம்மனுக்கு அபிஷேகம் செய்தார். பள்ளிவாசலில், படத்திலிருந்து வருகிற தண்ணீரில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்யலாமா என்று பெரியவர்கள் ஒரு பொழுது முழுக்கப் பேசி, கை நனைகிறதல்லவா, நனைந்தால் தண்ணீர்தான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

எந்தக் குழாயடியிலும் எப்போதும் கடைசியாகவே குடம் வைத்துப் பழகிய கிழக்குத் தெருக்காரர்கள், மற்றவர்கள் பிடிக்கிற அதே நிமிஷத்தில் தங்கள் வீட்டுக்குள்ளேயே பிடித்தார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை; அந்த வாரம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தினமும் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள், அவ்வளவுதான். மேலத் தெருவிலிருந்து இரண்டு பேர் பர்வீனிடம் வந்து, தெருவாரியாக நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

"சைட்டுக்குத் தெரு தெரியாதுண்ணே" என்றாள் பர்வீன்.

படம் எடுக்க மட்டும் யாரும் வரவில்லை. கல்யாணத் தேதியும் ஊரும் எழுதி அனுப்புவதற்காகப் பர்வீன் சைட்டில் செய்து வைத்திருந்த கட்டத்தில், 'காலையில் மெதுவாக வருகிறது, கவனிக்கவும்' என்றும், 'சேறு கலந்து வருகிறது' என்றும், 'மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள், கொஞ்சம் அதிகமாக விடவும்' என்றும் எழுதினார்கள். நாகஜோதி ஒவ்வொன்றையும் படித்தாள். படித்துவிட்டு, 'சரி' என்று பதில் அனுப்பினாள்.

மூன்றாவது வாரம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பர்வீனின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்; ஒரு டம்ளர் குடித்தார்; மழை குறைந்த ஊர்களின் பட்டியலில் வரகனேந்தலின் பெயருக்கு எதிரே 'இணையவழி வசதி உண்டு' என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து ஊருக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. வில்வதுரையை ஐம்பது மைலுக்கு அப்பால் வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். ஊரில் யாரும் அதற்கு வருத்தப்படவில்லை.

படத்தில் தண்ணீர் இறங்குவதை முதலில் கண்டது பர்வீன். மடையின் மேல் படி தெரிந்தது, பிறகு இரண்டாவது படி, பிறகு கருவேலமரத்தின் வேர். சைட்டில் மட்டுமா என்று பார்த்தால், நாகஜோதியின் போனிலிருந்த படத்திலும் இறங்கியிருந்தது, கடைச் சுவரில் ஒட்டியிருந்த அச்சிலும் அதே அளவுக்கு இறங்கியிருந்தது. சித்திரை பிறந்த அன்று கண்மாயின் நடுவில் ஒரு சின்னக் குட்டை மட்டும் மின்னிக்கொண்டு இருந்தது. பத்தாம் தேதி அதுவும் இல்லை. வானம் மட்டும், தண்ணீருக்குள் இருந்தது போய், வெடித்த சேற்றுக்கு மேலே தனியாக இருந்தது.

ஊர் கூடி மாடி ஏறியது. வேறு படம் போடு தாயி என்றார்கள். அவள் போட்டாள். காதுகுத்துப் படத்தில் பித்தளைக் குடத்தில் இருந்த தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தது. கோயில் கொடைப் படத்தில் பானகம் வந்தது. காது குத்தியதும் அழுத பிள்ளையின் படத்தில் நாலு சொட்டு வந்தது, உப்பாக இருந்தது. குற்றாலத்துக்கும் ஒகேனக்கலுக்கும் போனபோது தாங்கள் எடுத்த படங்களை ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை, நாகஜோதி எடுத்ததில்தான் வந்தது. ஆற்றைப் படம் எடுத்து வர அவளைப் பஸ் ஏற்றி அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பினார்கள். நாற்பது படம் எடுத்து வந்தாள், அவள் எடுத்ததிலேயே நல்ல படங்கள். ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீருக்காக எடுத்த படம் தண்ணீர் தராது என்று அப்போது தெரிந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் மீதியிருந்தது சுவரில் மாட்டியிருந்த ஒரு படம்தான்.

பதினோரு நாள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான்கு மைல் நடந்து செங்கப்படையில் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, திரும்புகிற வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாடி ஏறி வந்து உட்காருவார்கள். வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். லாரிக்காக மனுக் கொடுத்ததையும், பட்டியலில் ஊர்ப் பெயரைத் திரும்பச் சேர்க்க அடுத்த வருஷக் கணக்கெடுப்புவரை பொறுக்கச் சொன்னதையும் பேசுவார்கள். பேசும்போது கண் சுவர்ப் பக்கம் போகும், உடனே திரும்பிவிடும். எழுந்து போகும்போது, "வர்றோம் ஜோதி" என்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் கிழக்குத் தெரு மூக்கம்மா வந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூக்கம்மா உட்காரவில்லை.

"நான் கேக்க வரல தாயி" என்றாள். "யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, கொடுத்துறாத."

"மக எப்படி இருக்கா?"

"இருக்கா. பிள்ளைக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல. ஈரத் துணி வச்சுத் துடைக்கோம்." படியருகே போய்த் திரும்பி, "பொட்டப் பிள்ளை" என்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வில்வதுரை வந்ததும் நாகஜோதி மூக்கம்மா சொன்னதைச் சொல்லி, படத்தைப் போடட்டுமா என்று கேட்டாள். அவன் கொண்டுவந்த இரண்டு குடமும் இருவருக்கும் நடுவில் இருந்தன.

"போடாத" என்றான்.

"இது ஆறுங்க. கண்மாய் மாதிரி நின்ன தண்ணி இல்ல. மேல இருந்து வந்துக்கிட்டே இருக்கும்னு பர்வீனும் சொல்றா."

"அவ நிக்கிற தண்ணி அது, ஜோதி."

"ஒரு பிள்ளை குளிக்காம இருக்குங்க."

"நான் வேணாங்கிறேன்" என்றான். அப்புறம் இரண்டு குடத்தையும் உள்ளே வைத்துவிட்டு வந்து, "அவளக் கேட்டா என்ன சொல்லுவா, கொடுன்னுதான சொல்லுவா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பர்வீன் முதல் பக்கத்தில் கனிஷ்காவை வைத்தாள். தண்ணீர் சில்லென்று வந்தது, கல்லும் பாசியும் மணத்தது, கண்மாய்த் தண்ணீரைவிட வேகமாக வந்தது. முதல் குடத்தை நாகஜோதியே கிழக்குத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மூக்கம்மா வாசலில் நின்று குடத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்க்கவில்லை; இரண்டு கையாலும் வாங்கினாள்.

ஊரும் அந்தத் தண்ணீரை அப்படித்தான் வாங்கிக்கொண்டது. குடம் வைப்பதற்கு முன் திரையில் பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கனிஷ்கா தண்ணி என்று பெயர் வைத்தார்கள். அதில் துணி துவைக்கக் கூடாது, அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அதைக் குடித்துவிட்டுப் பொய் சொல்லக் கூடாது என்று தாங்களாகவே விதித்துக்கொண்டார்கள். மூக்கம்மாவின் மகள் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தாள். ஐந்து நாள், ஆறு நாள், ஏழு நாள், படத்தில் தண்ணீர் முழங்காலிலேயே நின்றது. மேலேயிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நாகஜோதியும் அந்த ஏழு நாள் நன்றாகத் தூங்கினாள்.

எட்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. பத்தாம் நாள் கெண்டைக்கால். பன்னிரண்டாம் நாள் கணுக்கால்.

"எடுத்துரட்டாக்கா?" என்றாள் பர்வீன்.

"எடுத்துரு."

பர்வீன் பக்கத்தை எடுத்தாள். ஆனால் அதற்குள் ஊரில் எல்லாருடைய போனிலும் கனிஷ்கா இருந்தாள்; ஒரு ஆத்திர அவசரத்துக்கு உதவுமென்று பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்திருந்தார்கள், அதிலும் தண்ணீர் வந்தது. பஞ்சாயத்தில் கூடி, எல்லோரும் அவரவர் போனில் அழித்துவிட வேண்டும் என்று பேசினார்கள். நாகஜோதியும் வில்வதுரையும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக முன்னால் வந்து அழித்துக் காட்டினார்கள். அழித்தவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. மகனுடைய போனில் இன்னொன்று இருந்தது, மருமகளின் போனில் ஒன்று இருந்தது. அப்பாவுக்கு மூச்சிரைக்கிறது, ஒரே ஒரு செம்பு, அதோடு அழித்துவிடுவோம் என்று ஒரு வீட்டில் திறந்தார்கள். கறவை மாடு படுத்துவிட்டது, அரைக் குடம் என்று ஒரு வீட்டில் திறந்தார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே எடுத்தார்கள். ஊரில் எண்ணூறு வீடுகள் இருந்தன.

பதினாறாம் நாள் கனிஷ்கா கல்லின் மேல் நின்றாள். சுற்றிலும் வெள்ளைக் கற்களும் மணலும் கிடந்தன. நனைந்துவிடுமே என்று தூக்கிப் பிடித்திருந்த கவுனை அவள் விட்டுவிட்டிருந்தாள். அடுத்த நாள் சிரிப்பு இல்லை. அதற்கடுத்த நாள் கல்லில் உட்கார்ந்திருந்தாள், உதடு வெடித்திருந்தது.

ஊரில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. செங்கப்படைக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீரை ஆளுக்கொரு செம்பு எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். சுவரிலிருந்த படத்தை இறக்கித் தாம்பாளத்தில் வைத்து, ஒருவர்பின் ஒருவராக அதன்மேல் ஊற்றினார்கள். பூசாரி ஊற்றினார், பள்ளிவாசல் பெரியவர்கள் ஊற்றினார்கள், மேலத் தெருவும் கிழக்குத் தெருவும் ஒரே வரிசையில் நின்று ஊற்றின; மூக்கம்மா கைப்பிள்ளையின் உள்ளங்கையில் தண்ணீரை விட்டு, அந்தக் கையைக் கொண்டே ஊற்ற வைத்தாள். கண்ணாடிமேல் விழுந்த தண்ணீர் வழிந்து தாம்பாளம் நிறைந்து, தரையில் ஓடி, படிவழியாகப் பர்வீனின் கடைக்குள் இறங்கியது. படத்துக்குள் ஒரு கல்கூட நனையவில்லை. வில்வதுரை யாரையும் கேட்காமல் தன் லாரியை எடுத்துவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினான். குழாயை மாடிக்கு இழுத்தவன், அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதைத் திறக்காமல் கீழே போட்டான்.

மறுநாள் காலையில் படத்தில் கற்கள் மட்டும் இருந்தன.

தண்ணீர் தேடிப் போயிருக்கிறாள் என்றது ஊர். மலைக்கு மேலே போனால் என்றைக்கும் வற்றாத சுனை இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளை, போய்ச் சேர்ந்திருப்பாள் என்று பெண்கள் நாகஜோதியின் தலையைத் தடவிச் சொன்னார்கள். வைகாசி முடிவதற்குள் பாதி வீடுகள் பூட்டப்பட்டன. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனவர்கள், பஸ் ஏறுவதற்கு முன் மாடிக்கு வந்து, வெறும் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வில்வதுரையும் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டான். கிளம்புகிற அன்று மத்தியானம் நாகஜோதி படியிறங்கிப் பர்வீனிடம் போய் உட்கார்ந்தாள்.

"படத்துல இடது பக்கம்தான ஆறு இறங்கி வர்ற மேடு?"

"ஆமாக்கா."

"அங்கிட்டு நகத்திப் பாரேன்."

பர்வீன் படத்தைத் திறந்து பெரிதாக்கி, மெல்ல இடது பக்கம் நகர்த்தினாள். கற்கள் வந்தன, மணல் வந்தது, ஒரு காய்ந்த நாணல் வந்தது. அதோடு படத்தின் ஓரம் வந்து, அதற்கப்பால் பக்கத்தின் வெள்ளை தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"படம் அவ்வளவுதான்க்கா. இதுக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு இல்ல."

வாசலில் வில்வதுரை கூப்பிட்டான். நாகஜோதி ஸ்டூலை இன்னும் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பரவாயில்ல" என்றாள். "நீ நகத்து."

பர்வீன் நகர்த்தினாள்.